படுவான்கரையில கோழி அடைகிடக்கிற மொரிஸ் மைனர்: எடுக்கலாமா, விடலாமா?

களுதாவளைப் பொடியன்:

ஒரு கேள்வி, சிரிக்காமப் பதில் சொல்லுங்க. உக்கிப்போன பழைய காரக் கண்டா சில ஆக்களுக்கு ஏன் இப்பிடி விசர் பிடிக்கிது? எனக்கு இப்ப பிடிச்சிருக்கு, அதான் கேக்கிறன்.

நான் நெல் யாவாரம், அறுவடை நேரம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரையில வளவு வளவாத் திரியிற ஆள். வெல்லாவெளிக்கு அங்கால [ஊர்ப் பேர் பிறகு எடுத்திட்டன்] ரிட்டயர் ஆன அதிபர் ஒராளிட வளவுக்குள்ள கஜு மரத்துக்குக் கீழ ஒரு மொரிஸ் மைனர், பழைய இங்கிலாந்துக் கார், நிக்கிது. நாலு கதவு, முன் கண்ணாடி ஒரே கண்ணாடி, நாலு டயரும் பாதிக்கு மண்ணுக்குள்ள, பின் சீட்டில கோழி அடைகிடக்கு. கலர் என்னெண்டு கேட்டா சாம்பல் எண்டும் சொல்லலாம் பச்சை எண்டும் சொல்லலாம். நான் நெல்லப் பார்க்கிறத விட்டிட்டு காரச் சுத்திச் சுத்தி வாறதக் கண்டிட்டு ஐயா சிரிச்சிட்டு பொனட்டத் துறந்து காட்டினார், உள்ளுக்கு இருக்கிறது மொரிஸ் என்ஜின் இல்ல, ஏதோ ஒரு ஜப்பான் என்ஜின், எண்பதுகளில மாத்தினதாம். விக்கிறீங்களா எண்டு கேட்டன், ஓம் எண்டும் சொல்லல்ல இல்ல எண்டும் சொல்லல்ல, "நீ என்ன செய்யப் போறா இத?" எண்டு கேட்டார், எனக்குப் பதில் வரல்ல.

என்ட கூட்டாளிமார் சொல்றானுகள் அந்தக் காசுக்கு ஒரு பழைய ஆட்டோ எடுத்து ஓட விட்டாலும் நாளைக்கு ஏதும் வரும் எண்டு. சரிதான். பழைய ஞாபகம் எண்டும் சொல்ல ஏலாது, ஏனெண்டா எங்கட குடும்பத்தில ஆரும் கார் வச்சிருக்கல்ல, அப்பா கடைசி வரைக்கும் சைக்கிள்தான். நான் ஒரு நாளும் ஏறாத காரில எனக்கு என்ன ஞாபகம்? பிறகு ஏன் இரவில படுத்தா அந்த முன்பக்க முகம் கண்ணுக்குள்ள வருது?

விசயத்துக்கு வாறன். எதப் பார்த்து முடிவெடுக்கிறது, ஜப்பான் என்ஜினத் தூக்கிப் போட்டிட்டு ஒறிஜினல் தேடணுமா, இன்னொண்டு, கார் பதிவுப் புத்தகம் ஐயாட தம்பிட பேரிலயாம், அவர் செத்திட்டார், அதுக்கு என்ன வழி? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

சூறாவளி78:

பழைய இரும்புக்குக் குடுத்திட்டு நிம்மதியாப் படு மச்சான்.

கல்முனை டிங்கர்:

மேல எழுதினவர் சொன்னத விடு தம்பி, அவருக்கு ஒரு நாளும் இது பிடிக்கல்ல போல.

நான் டிங்கர் வேலதான், கார்த் தகடு அடிச்சுத் திருத்திறது, வாப்பாட கராஜில சின்ன வயசில இருந்து. விசருக்கு மருந்து சொல்ல ஏலா, ஏன் பிடிக்கிதெண்டு எனக்குத் தெரிஞ்சத சொல்றன். இப்ப வாற காரிட பொனட்டத் துறந்தா மேலால ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதுக்குக் கீழ என்ன இருக்கெண்டு கம்ப்யூட்டர்தான் சொல்லணும், ஸ்கேனரக் குத்தினா ஒரு நம்பர் வரும், நம்பருக்கு ஒரு பார்ட் வாங்கணும், அதில நமக்கு என்ன வேல? மைனரத் துற, எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கு. கபரேட்டர், கொயில், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ. ஸ்டார்ட் ஆகல்லையா, ஒண்டில் கரண்ட் வரல்ல ஒண்டில் பெற்றோல் வரல்ல, தேடிப் பிடிச்சிடலாம். ஒண்டு பழுதாப் போனா ஏன் போச்செண்டு கையாலயே விளங்கும். அது ஒரு போதை தம்பி, ஒரு நாள் நீயே தேடிக் கண்டுபிடிச்ச பிழைக்குப் பிறகு என்ஜின் பிடிக்கிற சத்தத்தக் கேட்டா மறுகா விட ஏலா.

ஒரே கண்ணாடி எண்டா 1956க்குப் பிறகு வந்த மைனர் 1000. அதுக்கு முன்னம் உள்ளதுக்கு முன் கண்ணாடி நடுவால பிரிச்சிருக்கும். இன்னும் கிட்ட வருசம் தெரியணுமெண்டா ரெண்டு கதவுக்கும் நடுவில உள்ள தூணப் பாரு, அதுக்குள்ள இருந்து கைகாட்டி ஒண்டு வெளியால நீட்டுற மாதிரி வெட்டு இருந்தா 1961க்கு முந்தினது, பிறகு வந்ததுக்கு மின்னுற லைட். ஆரும் வெட்ட அடைச்சுப் பூசியிருப்பானுகள், தட்டிப் பார்த்தா சத்தம் வித்தியாசமாக் கேக்கும்.

பொனட்டுக்கு நடுவால நீட்டுக்கு ஒரு பட்டி போகும் கண்டிருப்பா. அதுக்கு ஒரு கதை இருக்கு. 1948ல இந்தக் கார் லண்டன் மோட்டர் ஷோவுக்கு வர முன்னம் அலெக் இசிகோனிஸ் எண்ட இஞ்சினியர், பிற்காலம் மினி காரையும் வரைஞ்ச அதே மனிசன், செஞ்சு வச்ச காரப் பார்த்து ஒடுக்கமா இருக்கெண்டு நடுவால அறுத்து நாலு இஞ்சி அகட்டிப் பார்த்து அதுதான் வடிவெண்டு முடிவெடுத்தவராம். அப்ப ஏற்கனவே அடிச்சு வச்ச பம்பர் நீளம் காணாமப் போக அதையும் நடுவால வெட்டித் துண்டு வச்சு விட்டாங்க, முதல் வந்த கார்களில அந்த ஒட்டுப் பம்பர் இருக்கும். எங்கட கராஜில இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பம், மைனருக்கு முதல் டிங்கர் வேலய இசிகோனிஸே செஞ்சிட்டாரெண்டு.

சரி, முக்கியமானதுக்கு வாறன். என்ஜினப் பார்த்து காரு வாங்காத, பொடிய, காரிட தகட்டு உடம்பப் பார்த்து வாங்கு. மைனருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பொடிதான் சேஸி, கீழ உக்கினா காரே இல்ல. ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கொண்டு போ, வெக்கப்படாம ஐயாட்டச் சொல்லிட்டு காருக்குக் கீழ படு. கதவுக்குக் கீழ நீட்டுக்குப் போற சில், தரைத்தகடு, கியர் பெட்டிக்குக் கீழ குறுக்கால போற மெம்பர், ஜக் வைக்கிற இடம், பின் லீஃப் ஸ்பிரிங் கொழுவுற இடம், முன்னுக்கு என்ஜின் ரெண்டு பக்கமும் நீளுற கால். எல்லாத்திலயும் குத்து. டங்கெண்டு கேட்டா நல்லம், ஸ்க்ரூ டிரைவர் உள்ளுக்குப் போனா அங்க தகடு வெட்டி ஒட்டணும், ஆறேழு இடத்தில உள்ளுக்குப் போனா ஐயாக்கு ஸலாம் சொல்லிட்டு நெல்ல ஏத்திக்கொண்டு வா. மட்கார்ட் உக்கினது, கதவு உக்கினது எல்லாம் பாக்கத்தான் பயங்கரம், கழட்டி மாத்துற சாமான்.

படுவான்கரையில நிண்டது உனக்கு நல்லம். வாவிக்குக் கிழக்கால, கடற்பக்கம் உள்ள எழுவான்கரையில கடற்காத்து உப்பு நாள் முழுக்கத் தகட்டில படியும், கல்முனையில எங்கட வேலையில பாதி அந்த உப்பு தாற வேலதான். ஆனா ஒண்டு கேளு, அந்தக் கார் எப்பவும் அங்கயேதானா நிண்டது? 2004 சுனாமித் தண்ணி குடிச்ச கார்களக் கழுவிப் பெயின்ட் அடிச்சு உள்ளூருக்குள்ள வித்தவங்களும் இருக்காங்க. வெளியால மின்னும், கதவுக்குக் கீழ உள்ள சில்லுக்குள்ள, தூணுக்குள்ள மூடிக் கிடக்கிற இடத்தில உப்புச் சேறு இருக்கும், அது உள்ளுக்கிருந்து தின்னும். சில்லில ரப்பர் அடப்பு ஒண்டக் கழட்டி விரலப் போட்டுப் பாரு. கோழிட எச்சமும் சும்மா இல்ல, பெயின்டயும் தின்னும் தகட்டயும் தின்னும், பின் சீட்டுக்குக் கீழ தரைய வடிவாப் பாரு.

புளியந்தீவு வாசி:

முதல் வேலயா அந்த ஊர்ப் பேர எடுத்து விடுங்க தம்பி. இஞ்ச புரோக்கர்மாரும் வாசிக்கிறாங்க. 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு வளவு வளவா ஏறி இறங்கி இப்பிடி ஒதுக்குப்புறத்தில கிடந்தத எல்லாம் அள்ளிக்கொண்டு போய் கொழும்பில நாலு மடங்குக்கு வித்தவங்க. 2025ல இறக்குமதி திறந்தும் அந்தப் பழக்கம் போகல்ல.

புத்தகம் பற்றி. கார் எவ்வளவு நல்லாயிருந்தாலும் புத்தகம் உங்கட பேருக்கு வராட்டி நீங்க வச்சிருக்கிறது வளவுக்கு ஒரு அலங்காரம். இறந்தவர்ர பேரில எண்டா மரணச் சான்றிதழும் வாரிசுமார் எல்லார்ர சம்மதமும் வேணும், அண்ணன் மட்டும் கையெழுத்து வச்சா போதாது, மனிசி பிள்ளையள் இருந்தா அவங்கதான் முதல். வெளிநாட்டில ஆரும் இருந்தா இன்னும் சுணங்கும். காசு குடுக்க முன்னம் ஒரு சட்டத்தரணியிட்டக் காட்டுங்க. "ஓபன் பேப்பர் இருக்கு, பிறகு பார்க்கலாம்" எண்டு, அதாவது வாங்கிறவர்ர பேர் நிரப்பாமக் கையெழுத்து வச்ச பேப்பரக் காட்டி, ஆரும் சொன்னா எழும்பி வாங்க.

என்ஜின் மாத்தினதெண்டு சொல்றீங்க, அப்ப புத்தகத்தில உள்ள என்ஜின் நம்பரும் காரில உள்ள நம்பரும் ஒண்டா எண்டு பார்க்கணும். எண்பதுகளில மாத்தினவங்க கனபேர் அதப் பதியாம விட்டவங்க. சேஸி நம்பர் தகடு என்ஜின் அறைக்குள்ள பின் சுவரில இருக்கும், அதயும் புத்தகத்தோட ஒப்பிடுங்க. புது ஆணி அடிச்ச மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க.

நம்பர் பிளேட் இங்லீஸ் எழுத்தா, நடுவில ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய பிளேட்டா எண்டு நீங்க எழுதல்ல. சேகரிக்கிற ஆக்கள் முதல் கேக்கிறது அதத்தான்.

தம்பிலுவில் மகள்:

நான் கார் திருத்திற ஆள் இல்ல, ஆனா இந்தக் கேள்விய வாசிச்சிட்டுச் சும்மா போக ஏலாம இருக்கு.

எங்கட அப்பா ஹயர் கார் ஓடினவர், ஒஸ்டின் ஏ ஃபோர்ட்டி, சொமர்செட். ஸ்டியரிங்குக்குக் கீழ கியர். திருக்கோவில் கொடியேத்தம், கல்யாணம், பிள்ளைப்பேறு எண்டு அந்தக் காரில ஏறாத வீடு எங்கட பக்கத்தில குறைவு. 78 நவம்பர் சூறாவளியில தென்னை முறிஞ்சு காரிட கூரையில விழுந்தது. பிறகு அக்கரைப்பற்றில ஒரு கராஜ் பாஸ் உள்ளுக்கு இருந்து மரக்கட்டை வச்சு அடிச்சு எடுத்துக் குடுத்தார், எடுத்தாலும் வெயில் சாய்வாப் பட்டா கூரையில ஒரு நெளிவு தெரியும். அப்பா அத ஒரு நாளும் பூசி மறைக்கல்ல. காரப் பார்க்க வாற எல்லாரிட்டயும் அந்த நெளிவில கைய வச்சுத்தான் கதை தொடங்குவார்.

அதால நான் சொல்றது, தம்பி கேட்ட "ஏன்" எண்ட கேள்விக்கு ஞாபகம் எண்டது முழுப் பதில் இல்லதான், உங்கட ஞாபகமாவே இருக்கத் தேவையில்ல. அந்தக் காரில ஐயாட தம்பிட ஞாபகம் இருக்கு, என்ஜின் மாத்தின பாஸிட ஞாபகம் இருக்கு, எந்த நேரம் ஏன் மாத்தினாங்க எண்டது இருக்கு. எண்பதுகளில இஞ்ச இருந்து கொழும்புக்குப் போய் ஒரு பார்ட் எடுத்து வாறதெண்டா என்ன பாடெண்டு எங்கட வயசு ஆக்களுக்குத் தெரியும், எத்தின செக் பொயின்ட். கையில கிடைச்சத வச்சு ஓட விட்டாங்க. இப்ப சில ஆக்கள் காரத் திருத்திறம் எண்டு சொல்லிக்கொண்டு தொழிற்சாலையில இருந்து நேற்று வந்த மாதிரி ஆக்கி, உள்ளூர்க் கைபட்ட எல்லாத்தையும் சுரண்டி எறியிறாங்க. எனக்கு அது பிடிக்கிறதில்ல. இங்கிலாந்தில செஞ்ச நாளில இருந்த மாதிரி கார் அங்க ஆயிரக்கணக்கில இருக்கும், படுவான்கரையில அம்பது வருசம் உழைச்ச மைனர் படுவான்கரையில மட்டும்தான் இருக்கு.

நம்பர் பிளேட்டப் பற்றி ஒராள் கேட்டிருந்தார். அதுவும் சும்மா இல்ல, 57, 58ல நம்பர் பிளேட்டில சிங்கள ஸ்ரீ போடச் சொன்னத எதிர்த்த நேரம் சிங்கள ஸ்ரீய அழிச்சிட்டு தமிழ் ஸ்ரீ எழுதி ஓடின கார்கள் இதே காலத்துக் கார்கள்தான். பழைய பிளேட் இருந்தா தயவு செஞ்சு கழட்டி எறிய வேணாம், பெயின்டுக்குக் கீழ என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்.

லண்டன் பாண்டிருப்பான்:

அக்கா சொன்னது நெஞ்சத் தொட்டது, ஆனா நான் முழுசா ஒத்துக்கொள்ள மாட்டன். கூரையில நெளிவ விடலாம், பிரேக்கில பழைய கதைய விட ஏலாது.

நான் இஞ்ச ஒரு மைனர் வச்சிருக்கன், 1965, 1098 சிசி. இஞ்ச பார்ட்ஸ் பிரச்சினையே இல்ல, 16 லட்சத்துக்கு மேல செஞ்ச கார், பிரித்தானியாவில பத்து லட்சம் தாண்டின முதல் கார் இதுதான், இண்டைக்கும் பிரேக் சிலிண்டர், ரப்பர், லைட் எல்லாம் புதுசா வருது. சின்னச் சாமான் எண்டா ஊருக்கு வாற ஆக்களிட பெட்டியில போட்டு விடலாம். தகடு சாமான்தான் பாரம். ஒரு வேடிக்கை சொல்றன், இங்கிலாந்தில பாத் நகரத்தில மொரிஸ் மைனர் சென்டர் நடத்தின சார்ல்ஸ் வெயார் எண்டவர் 1990களில இலங்கையில ஒரு பட்டறை தொடங்கி அங்க மைனர் தகடு சாமான் செய்விச்சு இங்க கொண்டு வந்து வித்தவர். கையால தகடு அடிக்கிற ஆக்கள் உங்கட நாட்டில இருக்காங்க எண்டுதான் அவர் அங்க போனதே. நீங்க இஞ்ச தேடுறீங்க, இஞ்ச உள்ளவன் அங்க தேடினான்.

என்ஜின். மைனர் 1000க்கு வந்தது ஏ சீரிஸ் என்ஜின், முதல் 948 சிசி, 1962ல இருந்து 1098. இதே குடும்பத்து என்ஜின்தான் மினிக்கும் போட்டது, 1951ல தொடங்கி 2000 வரைக்கும் செஞ்சாங்க, அதால உள்ளுச் சாமான் இன்னும் கிடைக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய மினி பார்ட்ஸ் வச்சிருக்கிற கடைகளில கேட்டுப் பாருங்க. யாழ்ப்பாணத்தில தொண்ணூறுகளில பெற்றோல் தடை நேரம் மைனரும் ஏ ஃபோர்ட்டியும் மண்ணெண்ணெயில ஓடினத எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மறுகா மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தக் கால என்ஜினிட கொம்பிரஷன் குறைவு, அதான் தாங்கினது. இப்பத்தய என்ஜின் ஒரு நாளும் தாங்காது. எனக்கெண்டா அந்த என்ஜின் இல்லாத மைனர் மைனரே இல்ல, அந்தச் சத்தம், கியர் குறைக்கக்குள்ள சைலன்சரில இருந்து வாற அந்த உறுமல், அத ஜப்பான் என்ஜின் தராது.

களுதாவளைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, ஊர்ப் பேர எடுத்திட்டன். இவ்வளவு எழுதுவீங்க எண்டு நினைக்கல்ல.

நேற்றுப் போனன். நம்பர் ஸ்ரீதான். தூணில வெட்டு இல்ல, தட்டியும் பார்த்தன், அப்ப 61க்குப் பிறகு. சில்லில ஒரு பக்கம் ஸ்க்ரூ டிரைவர் உள்ளுக்குப் போயிட்டு, டிரைவர் பக்கத் தரையும் போச்சு, பின் ஸ்பிரிங் இடம் ரெண்டும் டங்கெண்டு கேட்டது. கியர் பெட்டிக்குக் கீழ பார்க்க ஏலல்ல, மண்ணுக்குள்ள கிடக்கு. கடற்கரைப் பக்கம் நிக்கல்லயாம், தம்பிக்காரர் கல்லோயாப் பக்கம் வேலை செஞ்சு அங்க இருந்து கொண்டு வந்ததாம். தம்பிட மனிசி செங்கலடியில இருக்கா, பிள்ளையள் ரெண்டு பேர், எல்லாரும் இஞ்சதான் எண்டார் ஐயா.

அக்கா எழுதினத ஐயாட்ட வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் சொல்லல்ல, உள்ளுக்குப் போய் புத்தகத்தக் கொண்டு வந்து காட்டினார். அதில ஒறிஜினல் என்ஜின் நம்பர்தான் இன்னும் இருக்கு.

இப்ப ஒறிஜினல் என்ஜினா ஜப்பான் என்ஜினா எண்டது இன்னும் குழப்பமாக் கிடக்கு, அக்காவும் லண்டன் அண்ணரும் ரெண்டு மாதிரிச் சொல்றீங்க.

கல்முனை டிங்கர்:

ஸ்பிரிங் இடம் ரெண்டும் நல்லம் எண்டா பாதிக் கிணறு தாண்டிட்டா. சில்லும் தரையும் நாங்க அடிச்சு ஒட்டுற சாமான், பயப்படாத. ஆனா குறுக்கு மெம்பரப் பார்க்காம விலை பேசாத, மண்ணத் தோண்டி ஜக்கப் போட்டுத் தூக்கிப் பாரு, அதுவும் ஜக் வைக்கிற இடத்தில வைக்காத, அதுதான் முதல் உக்கியிருக்கும், பின் டிஃப்ரென்ஷலுக்குக் கீழ பலகை வச்சுத் தூக்கு, ஜக்க நம்பிக் கீழ பூராத, கொங்ரீட் கல்லோ மரக்குத்தியோ அடுக்கிட்டுப் பூரு.

தூக்கினதும் முன் வீல் ரெண்டயும் பிடிச்சு ஆட்டிப் பாரு. கீழ வீலத் தாங்கிற டிரனியன் எண்டு ஒரு சாமான் இருக்கு, கிறீஸ் அடிக்காம விட்டா தேஞ்சு கழண்டு ஓடக்குள்ளயே வீல் மடங்கிப் படுக்கும், மைனருக்கு உள்ள பெரிய குணக்கேடு அதுதான். எவ்வளவு நல்லாத் தெரிஞ்சாலும் புதுசு போட்டிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும், லண்டன் தம்பிட்டச் சொல்லி முதல் அத எடுப்பி. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர்ர காலுக்குக் கீழ தரைக்குள்ள இருக்கு, உனக்கு எப்படியும் அந்தத் தரைய வெட்டத்தான் போறம், அப்பவே அதயும் செஞ்சிட்டா ரெண்டு வேல ஒண்டாகும்.

என்ஜின் சண்டைக்கு நான் சொல்றது. ஜப்பான் என்ஜின் சுத்துதா எண்டு பாரு. பிளக்கக் கழட்டி ஒவ்வொரு துவாரத்துக்குள்ளயும் கொஞ்சம் ஒயில் விட்டு ரெண்டு மூணு நாள் விட்டிட்டு கையால சுத்து, செல்ஃப் ஸ்டார்ட் அடிக்காத. சுத்தினா அதயே வச்சு முதல் கார ரோட்டுக்கு எடு, ஓடுற கார்தான் திருத்துப்படும், கழட்டிப் போட்ட கார் கழட்டினபடியே கிடக்கும், எங்கட கராஜ் பின் வளவில அப்பிடி ரெண்டு மூணு கிடக்கு, ஆசையில கழட்டினவங்க சவூதிக்கும் கட்டாருக்கும் போயிட்டாங்க. பெட்டறி கொழுவ முன்னம் வயரப் பாரு, மைனருக்குப் பழைய லூக்காஸ் முறைப்படி பிளஸ்தான் பொடிக்கு, என்ஜின் மாத்தின பாஸ் மைனசுக்கு மாத்தினாரா எண்டு தெரியாமக் கொழுவினா அங்கயே புகை வரும்.

பேப்பர் வேல செங்கலடிப் பக்கம் முடிஞ்சா பிறகு ஒறிஜினலத் தேடலாம். அதுக்கும் தூரம் போகத் தேவையில்ல எண்டு நினைக்கிறன். நம்மட ஆக்கள் கழட்டின என்ஜின லேசில இரும்புக்குக் குடுக்கிறதில்ல, எப்பவாவது உதவுமெண்டு சாக்கால மூடி நெல் அடுக்கிற அறையிலயோ மாட்டுக் கொட்டிலிலயோ போட்டிருப்பாங்க. ஐயாட்ட பழைய என்ஜின் எங்க எண்டு ஒரு வார்த்தை கேளு. ஸ்டாட்டிங் ஹாண்டிலயும் சேர்த்துக் கேளு. இருக்கெண்டா நம்பரப் பார்த்திட்டு எனக்குச் சொல்லு, நானும் வாறன்.